40 மாத்திரை, 16 நாள்: மாதவிலக்கைத் தள்ளிப்போட்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மகளிர் நல வெளிநோயாளர் பிரிவில் திரும்பத் திரும்பக் காணும் பல நிலைமைகளை ஒருவரின் கதையாகச் சேர்த்து இந்த நிகழ்வை அமைத்திருக்கிறோம். தேதிகளும் அளவுகளும் கணக்கைப் பின்தொடர்வதற்காகக் கொடுக்கப்பட்டவை. மருந்தைப் பற்றிச் சொல்லியிருப்பது யாருக்கும் பொருந்தும்.

வந்தவருக்கு 31 வயது. சென்னையில் வேலை, நான்கு வயதில் ஒரு மகன். உயரம் 158 செ.மீ., எடை 77 கிலோ. செப்டம்பர் 19 காலையில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். மூன்று நாளாக இரத்தப்போக்கு நிற்கவில்லை, இரவில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, இடது கெண்டைக்காலில் வலி. என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் கைப்பையிலிருந்து நான்கு காலி அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையான நோரெத்திஸ்டெரோன் 5 மி.கி., அட்டைக்குப் பத்து.

அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்தது பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் "வெள்ளையா சின்ன மாத்திரை" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

நாள் வாரியாக நடந்தது

அவருக்கு மாதவிலக்கு 29 நாளுக்கு ஒருமுறை, ஓரிரு நாள் முன்பின்னாக வரும். ஐந்து நாள் இருக்கும். கடைசியாக வந்தது ஆகஸ்ட் 2. அந்தக் கணக்கில் அடுத்தது ஆகஸ்ட் 31. தங்கையின் கல்யாணம் திருநெல்வேலியில் செப்டம்பர் 3, 4 என்று ஆவணி முகூர்த்தத்தில் குறித்திருந்தார்கள். மாதவிலக்கின் நடுவில் கல்யாணம்.

ஆகஸ்ட் 30 மாலை ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், வீட்டருகே ஒரு மருந்துக் கடையில் "அண்ணே, தள்ளிப்போடுற மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கிடைத்த ஆலோசனை ஒரே வரி: "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்கம்மா." கடைசியாக எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து.

அன்று இரவு ஒன்று. 31-ஆம் தேதி இரண்டு. செப்டம்பர் 1-ஆம் தேதி இரண்டு. அன்று மதியமே பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை பட்டது. பயந்துபோய் 2-ஆம் தேதி மூன்றாக்கினார். 3-ஆம் தேதி மாப்பிள்ளை அழைப்புப் பரபரப்பில் மதிய மாத்திரை மறந்துபோனது. மாலையில் மறுபடி கறை. அதன்பிறகு ஒன்றையும் விடவில்லை: 4-ஆம் தேதியிலிருந்து நாளுக்கு மூன்று. கல்யாணம் முடிந்து மறுவீடு, 12-ஆம் தேதி குலதெய்வக் கோயிலில் பொங்கல் என்று நிறுத்தும் நாள் நீண்டுகொண்டே போனது. 13-ஆம் தேதி இரவு நான்காவது அட்டையின் கடைசி மாத்திரை. மொத்தம் 15 நாள், 40 மாத்திரை. 14-ஆம் தேதி இரவுப் பேருந்தில் 11 மணி நேரம் உட்கார்ந்தபடியே சென்னை திரும்பினார். 16-ஆம் தேதி விடியற்காலையில் இரத்தப்போக்கு தொடங்கியது.

மாத்திரைக்கு அடியில் உடம்பில் நடந்தது

மாதச் சுழற்சியின் முன்பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. சினைமுட்டை வெளிவந்த பிறகு, அது இருந்த பை மஞ்சள் திரளாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. வளர்ந்த சவ்வைத் தாங்கி நிறுத்துவது அந்தப் புரோஜெஸ்டிரோன். கரு தங்காவிட்டால் மஞ்சள் திரள் சுமார் 14 நாளில் தேய்ந்துவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும், சவ்வின் சுருள் தமனிகள் இறுகும், கருப்பையைச் சுருங்கவைத்து வலி தரும் புரோஸ்டாகிளான்டின்கள் பெருகும், சவ்வை அரிக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும். சவ்வு உரிந்து இரத்தத்தோடு வெளியேறுவதைத்தான் மாதவிலக்கு என்கிறோம்.

நோரெத்திஸ்டெரோன் செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்தது. உடம்பின் சொந்தப் புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது இது அந்த இடத்தில் நின்று சவ்வைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் திரள் தன் கெடுவில் தேய்ந்துவிடும். அதை மாத்திரை காப்பாற்றுவதில்லை. அதே நேரம் நாளுக்கு 15 மி.கி. என்ற அளவு, சினைமுட்டையை வளர்த்து வெளிவிடத் தூண்டும், மூளையடிச் சுரப்பியின் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். ஹார்மோன்களை அமுக்குகிறது. ஆகவே அடுத்த சினைமுட்டை வளராமல் காத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் தாங்கிய கை விலகுகிறது. இரண்டு மூன்று நாளில் இரத்தம் வருகிறது, அடுத்த சினைமுட்டை வளரத் தொடங்குகிறது.

இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் இரண்டு குழப்பங்கள் தீரும். தள்ளிப்போடவும் வரவைக்கவும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறார்களே என்பது முதலாவது. சாப்பிடும்வரை தள்ளிப்போகிறது, நிறுத்தினால் வருகிறது. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிறுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. அடுத்தது, மாத்திரைக்குப் பிறகு "பழைய தேதிக்கே" திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. அப்படித் திரும்பாது. நிறுத்திய பிறகு வரும் இரத்தப்போக்கின் முதல் நாளே புதிய சுழற்சியின் முதல் நாள். இவருக்கு ஆகஸ்ட் 31-இல் வர வேண்டியது செப்டம்பர் 16-இல் வந்தது. நாட்காட்டி 16 நாள் நகர்ந்துவிட்டது, இனி அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

எங்கே பிசகியது

முதல் பிசகு தொடங்கிய நாள். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு, அதாவது ஆகஸ்ட் 28 காலையில் முதல் மாத்திரை போயிருக்க வேண்டும். 30 இரவு என்பது சொந்தப் புரோஜெஸ்டிரோன் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த நேரம். குரங்குகளில் செய்த ஆய்வுகளில், புரோஜெஸ்டிரோன் விலகிய சுமார் 36 மணி நேரத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்தால் உதிர்வைத் தடுக்க முடிந்தது; அதற்குப் பின் கொடுத்தும் பலனில்லை. மனிதரிலும் ஏறத்தாழ இதே போக்கைத்தான் பார்க்கிறோம். உதிரத் தொடங்கிய பகுதியை எத்தனை மாத்திரையாலும் ஒட்டவைக்க முடியாது. அவருக்குச் சவ்வின் ஒரு பகுதி கழன்றும் மற்றது தாங்கப்பட்டும் நின்றது. அந்தத் திட்டுக் கறை அதனால்தான்.

அடுத்தது இடைவெளி. நோரெத்திஸ்டெரோனின் அரை ஆயுள் ஏறத்தாழ 8 மணி நேரம்: எட்டு மணிக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போட்டால் அளவு பாதிக்குக் கீழே போவதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடும். மதிய மாத்திரை தவறினால் 16 மணி நேர இடைவெளி, அளவு கால்பங்கு. 3-ஆம் தேதி மாலைக் கறையை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் தொடரலாம். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். நாளுக்கு ஒரு முறை போடும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் கடைகளில் உண்டு. அவற்றை உடைத்தோ மென்றோ சாப்பிட்டால் மெதுவாகக் கரைவதன் பயன் போய்விடும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர், வலிப்புக்குக் கார்பமசெபைன் அல்லது ஃபெனிடோயின் சாப்பிடுபவர் ஆகியோருக்கு நேரம் தவறாமல் போட்டாலும் கறை படலாம். அந்த மருந்துகள் கல்லீரலை முடுக்கி நோரெத்திஸ்டெரோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

பிறகு, நீளம். இந்த மருந்தை 10 நாள், அதிகம் போனால் 14 நாள் என்று நிறுத்துவது வழக்கம். இவருக்குத் தேவைப்பட்டது என்னவோ அதிலும் குறைவு. ஆகஸ்ட் 28 காலையில் தொடங்கி, கல்யாணத்துக்கு மறுநாள் செப்டம்பர் 5 இரவில் நிறுத்தியிருந்தால் 9 நாள், 27 மாத்திரை. 7 அல்லது 8-ஆம் தேதி மாதவிலக்கு வந்து, ஐந்து நாளில் 12-ஆம் தேதிக் குலதெய்வப் பொங்கலுக்குள் முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருந்திருக்கும். மூன்று அட்டை வாங்கினால் மூன்று மாத்திரை மிஞ்சும்.

கேட்கப்படாத கேள்வி

இந்த நிகழ்வில் எங்களைத் திடுக்கிட வைத்தது இரத்தப்போக்கைவிட, குடும்ப வரலாறு கேட்டபோது வந்த பதில்தான். "எங்கம்மாவுக்கு என் தங்கச்சி பொறந்தப்ப கால் வீங்கி, ரத்தம் உறைஞ்சுபோச்சுன்னு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்க." அப்போது தாய்க்கு 30 வயதுகூட ஆகவில்லை.

உடம்புக்குள் போன நோரெத்திஸ்டெரோனில் ஒரு சிறு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது. கூட்டுக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் அது. கருத்தடைக்கான சிறிய அளவில், அதாவது நாளுக்கு 0.35 மி.கி.யில், இது பொருட்டில்லை. ஆனால் நாளுக்கு 10 முதல் 20 மி.கி. எடுக்கும்போது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைச் சாப்பிடுவதற்குச் சமமாகிறது. ஆகவே இரத்தக்கட்டு அபாயத்தை அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தாய், தந்தை, உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 45 வயதுக்குள் ஆழ்சிரையில் (கால் போன்ற இடங்களில் உள்ளே ஓடும் இரத்தக் குழாயில்) இரத்தம் உறைந்திருந்தால், கூட்டு மாத்திரையின் ஆபத்து பொதுவாக அதன் பயனைவிட அதிகம் என்றே பிரிட்டன் வழிகாட்டுதல்கள் வகைப்படுத்துகின்றன. இவருக்கு அதோடு உடல்பருமனைக் காட்டும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30.8, 11 மணி நேரப் பேருந்து இருக்கை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.

அவரைப் போன்றவருக்கு அவசியம் தள்ளிப்போட்டே ஆகவேண்டுமென்றால் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று என, மருத்துவர் பார்த்துக் கொடுக்கலாம். அது எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுவதில்லை. முன்பு இரத்தம் உறைந்தவர், கண்முன் ஒளி வெட்டி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர், கல்லீரல் நோய் உள்ளவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோர் நோரெத்திஸ்டெரோன் பக்கமே போகக்கூடாது. கர்ப்பத்தில் மஞ்சள் காமாலையோ உடம்பெல்லாம் அரிப்போ வந்தவரும் சொல்லிவிட வேண்டும்.

வந்த அன்று செய்தது

நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 106/70. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை: கர்ப்பம் இல்லை. தள்ளிப்போட இப்படிச் சாப்பிடும்போது இந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்ப முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. "நாள் தள்ளிப்போச்சு" என்பது நம் ஊரில் கர்ப்பத்தின் முதல் செய்தி; மாத்திரையால் தள்ளிப்போகும்போது அந்தச் செய்தி மறைந்துபோகிறது. தொடங்குவதற்கு முன் வீட்டில் சோதித்தாலும், எதிர்பார்த்த தேதிக்கு மூன்று நாள் முன்பு கர்ப்பம் தெரியாமல் போகலாம். ஆகவே நிறுத்தி ஏழு நாளாகியும் வராவிட்டால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இடது கெண்டைக்காலின் சுற்றளவு வலதைவிட 1 செ.மீ. கூடுதல். அழுத்தினால் வலி, சிவப்போ சூடோ இல்லை. மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் இல்லை. இருந்தும் அன்றே சிரைகளில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். சிரைகள் திறந்தே இருந்தன, கட்டு இல்லை.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. அதிக மாதவிலக்கு என்றதும் கை டிரானெக்சாமிக் அமிலத்துக்குப் போகும். இரத்தம் உறைந்ததைக் கரையவிடாமல் பிடிப்பது அதன் வேலை. காலில் கட்டு இருக்கிறதா என்று தெரியாமல் அதைக் கொடுப்பது ஆபத்து. இன்னொரு பழக்கம், போக்கை நிறுத்த நோரெத்திஸ்டெரோனையே மறுபடி பத்து நாள் எழுதிக்கொடுப்பது. அன்றைக்குப் போக்கு நிற்கும்; இந்த அபாயங்கள் உள்ளவருக்கு அதே ஈஸ்ட்ரோஜன் சுமை மறுபடி ஏறும், நிறுத்தும்போது மறுபடி ஓர் உதிர்வு வரும். இரண்டையும் தவிர்த்தோம். மெஃபனாமிக் அமிலம் 500 மி.கி., சாப்பாட்டுக்குப் பின் நாளுக்கு மூன்று, மூன்று நாள். அது புரோஸ்டாகிளான்டினைக் குறைத்து வலியையும் போக்கையும் ஓரளவு தணிக்கும். வயிற்றுப்புண் உள்ளவருக்கு ஆகாது. இரண்டாம் நாளிலேயே நாப்கின் எண்ணிக்கை நாலாகக் குறைந்தது. போக்கு மொத்தம் எட்டு நாள் இருந்து நின்றது.

ஹீமோகுளோபின் 9.1. மூன்று நாள் போக்கு மட்டும் இந்த அளவுக்கு இறக்கியிருக்க முடியாது. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன (அவற்றின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 71), இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. பல மாதமாக இரும்புச்சத்து வற்றிப்போய்க்கொண்டிருந்த உடம்பு அது. வியப்பதற்கில்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்குச் சோகை உள்ள ஊரில், கூடுதல் போக்கை உண்டாக்கக்கூடிய ஒரு மாத்திரையை முகம்கூடப் பார்க்காமல் அட்டைக் கணக்கில் கொடுப்பது எங்களுக்கு மனம் ஆறாத விஷயம்.

இடுப்பு ஸ்கேனில் கட்டியோ, கருப்பைக்குள் வேறு தசை வளர்ச்சியோ இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. இத்தனை போக்குக்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. தாமதமாகத் தொடங்கியதும், ஏறி இறங்கிய அளவும், கெடு தாண்டித் தாங்கப்பட்ட சவ்வும் சேர்ந்திருக்கலாம். நிறுத்திய பிறகு வரும் முதல் மாதவிலக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது சாதாரணம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, பெரிய கட்டிகள் தொடர்ந்து போனாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

இரும்பு மாத்திரை நாளுக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு. முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் சொல்லி அனுப்பினோம். அதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

முகத்தில் புதிதாகப் பரு வந்திருப்பதையும் அவர் கேட்டார். நோரெத்திஸ்டெரோன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அமைப்பையொட்டி 1951-இல் மெக்சிகோ நகரத்தில் உருவாக்கப்பட்ட மூலக்கூறு. அந்தச் சாயல் பருவில் தெரியும். மார்பு கனத்தல், குமட்டல், வயிறு உப்புசம், எரிச்சல் இவையும் சிலருக்கு வரும், நிறுத்தினால் போய்விடும்.

வேறு வழி யாருக்கு

ஏற்கெனவே கூட்டுக் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு நோரெத்திஸ்டெரோனே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 பழுப்பு நிற இரும்புச்சத்து. அந்தப் பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு, 21 முடிந்த மறுநாளே அடுத்த அட்டையின் முதல் ஹார்மோன் மாத்திரைக்குப் போனால் மாதவிலக்கு தள்ளிப்போகும், கருத்தடையும் தொடரும்.

பி.சி.ஓ.எஸ். (மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வரும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு "மூன்று நாள் முன்பு" என்ற கணக்கே உதவாது. எப்போது வரும் என்று தெரிந்தால்தானே முன்பு, பின்பு? அவர்களில் பலருக்குச் சினைமுட்டை வெளிவராத மாதங்களில் சவ்வு ஈஸ்ட்ரோஜனால் மட்டுமே தடித்துக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தியதும் அதுவும் சேர்ந்து போகும். இவர்கள் ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் வருவது நல்லது.

பப்பாளி, எள்ளுருண்டை, எலுமிச்சைச் சாறு எதுவும் தேதியை நகர்த்தாது. டிரானெக்சாமிக் அமிலமும் போக்கைக் குறைக்குமே தவிர நாளை மாற்றாது. கோயிலுக்காக மட்டும் மாத்திரை கேட்டு வருபவர்களிடம் ஒன்று சொல்வோம்: மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய் வழிபடுகிறார்கள். போவதும் போகாததும் அவரவர் நம்பிக்கை. மாத்திரை ஒன்றே வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அதன் பிறகு

செப்டம்பர் 30 அன்று அவர் பதற்றத்தோடு போன் செய்தார். "நேத்து வந்திருக்கணும் டாக்டர், வரலை." 29-ஆம் தேதி பழைய கணக்கின் தேதி. புதிய கணக்கில் அன்று அவர் 14-ஆம் நாளில்தான் இருந்தார். நாட்காட்டியில் செப்டம்பர் 16-ஐ வட்டமிடச் சொல்லி, அங்கிருந்து 29 எண்ணச் சொன்னோம்: அக்டோபர் 15. வந்தது அக்டோபர் 17, ஐந்து நாள், வழக்கமான அளவு. அடுத்தது நவம்பர் 15, சரியாக 29 நாள். முதல் சுழற்சியில் ஓரிரு நாள் பிந்தியதற்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

ஹீமோகுளோபின் அக்டோபரில் 10.4, நவம்பர் கடைசியில் 11.8. 12-ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதம் இரும்பு மாத்திரை தொடர வேண்டும், உடம்பின் இருப்பு நிரம்ப. தாயின் இரத்தக்கட்டு விவரத்தை அவருடைய மருத்துவக் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதினோம். தங்கையும் கருத்தடை மாத்திரை தொடங்குவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே சொல்லி அனுப்பினோம்.

நவம்பர் கடைசியில் வந்தபோது, தை மாதம் ஜனவரி 22-இல் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். நாட்காட்டியைத் திருப்பி அவரையே எண்ணச் சொன்னோம். நவம்பர் 15-இலிருந்து 29 நாள், டிசம்பர் 14. அங்கிருந்து 29 நாள், ஜனவரி 12. ஐந்து நாள் என்றால் 16-இல் முடிந்துவிடும். இரண்டு நாள் பிந்தினாலும் 18. மருந்துச் சீட்டில் அன்று இரும்பு மாத்திரை மட்டும்தான் எழுதினோம்.